என் மகள் தூங்கும் வீடு

1

ஜூன் பிறந்ததும், தென்காசிக்காரர்கள் உலகத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் அவர்கள் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்துவிடும். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கியிருக்கும். யாரோ ஒரு அண்ணாச்சி மொட்டைமாடியில் கைலி பறக்க நின்றுகொண்டு, "ஏலே, சாரல் ஆரம்பிச்சாச்சுலே!" என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பார். இந்த வருடமும் வந்தது. ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில், ஆஸ்பத்திரி ஆய்வகத்தில், ரத்தக் குப்பிகளை இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து எழுத உட்காருகிறவர்கள் ஊர் ஏக்கத்தை எழுதுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அந்த நோய் கிடையாது. வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, பனி விழுந்தால் அழகாக இருக்கிறது, நான் என்ன உடுத்துகிறேன் என்று எதிர்வீட்டில் யாரும் கேட்பதில்லை. நன்றாகவே இருக்கிறேன். எனக்கு இருப்பது பொறாமை. அதுவும் ஊர் மேலே இல்லை, ஊரில் இருக்கிற ஒருத்தி மேலே. என் கூடப்பிறந்த தங்கை கோமதி மேலே.

போன வருடம் இதே சாரல் காலத்தில்தான் அது முற்றியது. அதைச் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "தங்கச்சிமேல யாராவது பொறாமைப்படுவாங்களா?" என்று கேட்பார். அவர் ஒரே பிள்ளை, அவருக்கு என்ன தெரியும்?

2

கோமதி மந்தம். நான் வைத்த பெயர் இல்லை, எங்கள் அம்மாவே வைத்த பெயர். மெதுவாக என்பதற்கு எங்கள் பக்கம் 'பைய' என்போம். கோமதிக்கு முதலில் வந்த வார்த்தையே அதுவாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அவள் இரண்டாவது தோசையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். நான் வாசலில் நின்று கத்துவேன். "நீ போக்கா, நா பைய வாரேன்" என்பாள். அவள் ஒரு தோசை தின்று முடிக்கும் நேரத்தில் இங்கே நான் சமைத்து, தின்று, பாத்திரம் கழுவி, டிராமும் பிடித்திருப்பேன்.

நான் அப்படியே தலைகீழ். எங்கள் ஊர்க் காசி விசுவநாதர் கோயில் அம்மனின் பெயரை எனக்கு வைத்தார்கள், உலகம்மாள். "உலகு எங்கன போனாலும் பொழச்சுக்கிடுவா. இந்தக் கோமதியத்தான் எவன் தலையில கட்டுததோ" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அவள் சொன்ன முதல் பாதி பலித்தது. ஓடி ஓடிப் படித்தேன், வேலை வாங்கினேன், இங்கே வந்தேன். இங்குள்ள அலுவலகத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு மனுஷியைப் பதிவுசெய்ய வழியில்லை என்று சொல்லி, பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரே என்னை 'திருமதி சுப்பையா' என்கிறது. எங்கள் அப்பாவுக்கு நானே பெண்டாட்டி ஆகிவிட்டேன். மாற்றித் தரச்சொல்லி மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன், முடியவில்லை.

கோமதியை மாடசாமி என்ற போலீஸ்காரர் கட்டினார். இப்போது ஏட்டு. தென்காசியிலேயே, அப்பா கட்டிய வீட்டிலேயே அவள் இருக்கிறாள். பால்வாடி மாதிரி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு பையன்கள். ஒருவன் பட்டாளத்தில், இன்னொருவன் கோயம்புத்தூரில் காலேஜில். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். போன வருடம் வரை எதுவும் இல்லைதான்.

3

இங்கே எதற்கும் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். 'டெர்மின்' என்று அதற்குப் பெயர். பல் வலித்தால் டெர்மின், முடி வெட்ட டெர்மின், அடுத்த வீட்டுக்காரியோடு ஒரு காபி குடிக்கவும் டெர்மின். வந்த புதிதில் ஒரு பல் டாக்டரிடம் போய்விட்டுக் கிளம்பும்போது, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நம் ஊர் வழக்கப்படி 'வருகிறேன்' என்று ஜெர்மனில் சொன்னேன். போகிறேன் என்று வாயால் சொல்லிக் கிளம்பி நமக்குப் பழக்கம் ஏது? அவள் பதறிப்போய்க் கணினியைத் திறந்து, "என்றைக்கு வருகிறீர்கள்? அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது" என்றாள். விளக்கிச் சொல்ல அப்போது எனக்கு மொழி போதவில்லை. நேரம் வாங்கிக்கொண்டு, வலிக்காத பல்லைக் காட்ட அடுத்த மாதம் மறுபடி போனேன்.

ஆனால் இந்த ஓட்டம் எனக்குப் பிடித்தது. பொய் சொல்ல மாட்டேன். என் மகள் ஆதிரையையும் அப்படித்தான் வளர்த்தேன். நீச்சல், வயலின், கணக்குக்குத் தனி வகுப்பு, சனிக்கிழமை தமிழ் வகுப்பு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பெரிய காலண்டர், அவளுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு, அப்பாவுக்கு நீலம். பச்சைதான் அதிகம். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பரவாயில்லை, கெட்டிக்காரி என்று விட்டுவிட்டேன்.

பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் பரீட்சைக் கவலை என்று நினைத்தோம். பரீட்சை முடிந்தும் வரவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியது. ஒரு நாள் காலையில் காலணியை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "முடியலம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொன்னாள். நான் பயந்துபோனேன்.

பள்ளிக்கூடம் டாக்டர் சான்றிதழ் கேட்டது. டாக்டர், மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். மனநல மருத்துவரிடம் கேட்டால் காத்திருப்போர் வரிசை, மாதக் கணக்கு. பிள்ளை தூங்குவதற்கே டெர்மின் வாங்க வேண்டிய ஊராக இருக்கிறதே என்று அந்தத் தொலைபேசியிலேயே அழுதுவிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள், பிறகு, "உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா, திருமதி சுப்பையா?" என்றாள்.

"லீவுல கோமதிகிட்ட விட்டுப் பாப்போமே" என்று சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். எனக்குக் கோடை விடுமுறையின் கடைசியில்தான் லீவு கிடைக்கும். ஜூலையில் ஆதிரையைத் தனியாக விமானம் ஏற்றினோம். நான் பின்னால் போய்க் கூட்டிக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. திரும்பி வர இரண்டு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டுவிட்டேன்.

4

ஆதிரை போய் இறங்கிய அன்று கோமதி போனில் பேசினாள்.

"பிள்ளை என்ன செய்தா?"

"தூங்குதா."

மறுநாள் கேட்டேன். "தூங்குதா." அதற்கு மறுநாளும், "தூங்குதாக்கா."

"முழிச்சிருக்கும்போது என்னட்டி செய்தா?"

"ஒண்ணுஞ் செய்யலக்கா. சாப்பிடுதா. பெறவு ஜன்னல்ல உக்காந்து மழையப் பாக்கா. பெறவு தூங்குதா."

எந்தத் தாயும் மகிழ்ந்திருப்பாள். நானும் மகிழ்ந்தேன். அது ஒரு டீ ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. அப்புறம் புகைய ஆரம்பித்தது. நான் அவளுக்காக வாங்கிய மெத்தை என்ன, வெளிச்சம் புகாத திரை என்ன, பாலில் ஜாதிக்காய் உரசிப் போட்டுக் கொடுத்தது என்ன, பக்கத்தில் படுத்துத் தலை கோதியது என்ன! கோமதி வீட்டில் கோரைப்பாய். தலைக்கு மேல் கடகடவென்று ஒரு பழைய ஃபேன். அதற்குக் கீழே என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளாம். கோமதி ஒரு படம் அனுப்பினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். பெற்றவள் நான், தூக்கம் மட்டும் அவள் வீட்டிலா?

அப்புறம் ஆதிரையின் குரலே போனில் வர ஆரம்பித்தது. "அம்மா, இங்கன ஒரே சாரல். வெயில் அடிக்கு, ஒடனே மழை பெய்யுது, மறுபடி வெயில் அடிக்கு." என் மகளா பேசுவது! எத்தனை சனிக்கிழமை பனியில் கார் ஓட்டித் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டிருப்பேன். 'இங்கே' என்று ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கோமதி ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே 'இங்கன' என்கிறாள். அருவிக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்களாம். தண்ணீர் கூடினால் குளிக்க விட மாட்டார்கள், குறையும் வரை கல்லில் உட்கார்ந்திருப்பார்களாம். மைக்ரோவேவ் முன்னால் நிற்கப் பொறுமை இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை, அருவி குறைவதற்குக் காத்திருக்கிறது.

"என்னத்தப் பேசிக்கிட்டு இருப்பிய?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேச மாட்டோம்மா. சித்தி வேர்க்கடலை வாங்குவா. பையத் திங்கணும்னு சொல்லுவா."

வேலையில் அன்று இரண்டு குப்பிகளை மாற்றி வைத்துவிட்டேன். இயந்திரம் கத்தியதால் தப்பித்தேன்.

5

ஆகஸ்டில் திருவனந்தபுரம் வந்து இறங்கி, கார் பிடித்து, ஆரியங்காவு தாண்டி மலை இறங்கினேன். "கொஞ்சம் வேகமாப் போங்க" என்று டிரைவரை வழியெல்லாம் பிடுங்கி எடுத்தேன். செங்கோட்டை தாண்டியதும் முகத்தில் சாரல் அடித்தது. நல்ல காற்று. அதைக்கூட ரசிக்காமல் என் மகள் வாசலில் நிற்பாளா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிற்கவில்லை. தலையில் எண்ணெய் வழிய, வீட்டுக்குள்ளிருந்து பைய நடந்து வந்தாள். "வந்துட்டியாம்மா" என்று கட்டிக்கொண்டாள். கன்னம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைக் காணோம். அந்த நிமிஷம் கோமதியின் காலில் விழுந்திருக்கலாம், அவ்வளவு நன்றியாக இருந்தது. அதற்குள் கோமதி ஒரு புதுத் துண்டை என் கையில் கொடுத்து, "கை கால் கழுவிட்டு வாக்கா. மொத தோசை ஒனக்குத்தான். எத்தன நாள் லீவு?" என்று கேட்டுவிட்டாள்.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் உறைக்கும். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீடு சொந்தமில்லை. மதுரை, சிவகாசி, சென்னை என்று எங்கெல்லாம் உறவு இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் அருவியில் குளிக்க வந்து இறங்குவார்கள். சீசன் விருந்தாளிகள். அவர்களுக்கென்று அம்மா தனியாகப் புதுத் துண்டு வாங்கி வைப்பாள். முதல் தோசை அவர்களுக்கு. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தன நாள் லீவு?" எப்போது கிளம்புவீர்கள் என்பதை மரியாதையாகக் கேட்கும் விதம் அது. நானும் கோமதியும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்து உருண்டிருக்கிறோம். சனிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எல்லா அருவியிலும் தலையை நனைத்து, மங்குஸ்தான் பையும் ஜலதோஷமுமாகப் பஸ் ஏறுவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம்.

அந்தத் துண்டுதான் இப்போது என் கையில் இருந்தது. அப்பா கட்டிய வீடு, நான் பிறந்த வீடு. கோமதி யோசித்துச் செய்திருக்க மாட்டாள், அவளுக்கு அவ்வளவு வேகமாக யோசிக்க வராது. ஆனாலும் அந்த முதல் தோசையை நான் தொடவில்லை.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். எப்படியாவது மகளை என் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கார், முதலில் பேரருவி, அப்புறம் ஐந்தருவி, அங்கிருந்து பழைய குற்றாலம், வரும் வழியில் பரோட்டா, சாயங்காலம் கோயில் கோபுர வாசலில் காற்று வாங்குவது. எல்லாவற்றையும் கைப்பேசியில் நேரப்படி குறித்து ஆதிரையிடம் காட்டினேன். அவள் சித்தியைப் பார்த்தாள். சித்தி அவளைப் பார்த்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கெழம யாராச்சும் போவாங்களா? சீசன்காரங்கதான் போவாங்க. நாங்க செவ்வாக்கெழம போவோம்."

நாங்க! எனக்கு வந்த கோபத்தில், நீங்கள் வராவிட்டால் போங்கள், எனக்கு வழி தெரியும் என்று தனியாகக் கிளம்பிவிட்டேன். கார் குற்றாலத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றது. வேன், பஸ், மோட்டார் சைக்கிள், நடுவில் என் கார். இறங்கி நடந்தேன். பெண்கள் வரிசை மண்டபம் தாண்டி வெளியே நின்றது. அருவியின் சத்தம்தான் கேட்டது, தண்ணீரைக் காணோம். தண்ணீர் கூடிவிட்டது என்று விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார்கள். ஊதியவர் கோமதியின் வீட்டுக்காரர் மாடசாமி. சீசன் டூட்டி. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மதினி! நீங்களுமா ஞாயித்துக்கெழம வந்திய?"

காய்ந்த தலையோடு வீடு திரும்பினேன்.

6

அன்றைக்கே ஆதிரை விஷயத்தைச் சொன்னாள். சண்டை போடுவதற்கு அவள் எனக்கு இடமே தரவில்லை, அவ்வளவு அமைதியாகச் சொன்னாள்.

"அம்மா, நான் ஒரு வருஷம் இங்கன இருக்கட்டா?"

ஜெர்மனியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருடம் வெளிநாட்டில் போய் இருந்துவிட்டு வரலாம், பள்ளிக்கூடம் இடத்தை வைத்திருக்கும். அவளுடைய தோழிகள் அமெரிக்கா போகிறார்கள், நியூசிலாந்து போகிறார்கள். இவள் தலைமை ஆசிரியைக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். சித்தியின் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு இருப்பேன், தமிழ் படிப்பேன் என்று எழுதியிருக்கிறாள். 'அருமையான யோசனை, பெற்றோர் சம்மதம் மட்டும் வேண்டும்' என்று அந்த அம்மாள் உடனே பதில் போட்டுவிட்டார். பல் பார்க்க ஒரு மாதம் காக்கவைக்கிற தேசம், என் பிள்ளையைப் பிரிக்க மட்டும் ஒரே நாளில் பதில் தருகிறது. என் மகளுக்குத் தென்காசி வெளிநாடு. அப்படித்தான் அந்தப் பதிலில் இருந்தது.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். கோமதி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காம்பாக, ஒவ்வொரு இலையாக. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஏட்டி, ஒனக்குத்தான் ரெண்டு பயலுவ இருக்கானுவல்லா? எம் பிள்ளை எதுக்குட்டி ஒனக்கு? ஒரே ஒரு பிள்ளை எனக்கு. அதையும் மயக்கி வச்சுக்கிட்டியே!"

கோமதி ஒரு காம்பை உருவி முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"நா புடிச்சா வச்சிருக்கேன்? கதவு தொறந்துதான கெடக்கு."

"நீ நல்லவதான். நாந்தான் பொல்லாதவ. ஒண்ணுமே செய்யாம ஒக்காந்த எடத்துலயே எல்லாத்தையும் வாங்கிக்கிடுத. நா ஓடி ஓடிச் சாவுதேன்."

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியே?" என்று கோமதி கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீ வந்த அன்னையிலேர்ந்து பிள்ளை மறுபடி நகத்தக் கடிக்கா. பாத்தியா?"

பார்க்கவில்லை. கன்னத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது பார்த்தேன். ஆதிரையின் வலது கைப் பெருவிரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. குழம்பின் உறைப்பு பட்டதும் கையை உதறினாள். நான் பார்ப்பதைக் கவனித்து, "என்னம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கோமதியை வெறுக்கிறேனா, என்னையே வெறுக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. வியாழக்கிழமை விமானம். கையில் இரண்டு டிக்கெட்.

7

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் குற்றாலம் போனோம். யாரும் என்னை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கோமதி மூன்று பேருடைய மாற்றுத் துணியையும் ஒரே பையில் வைத்திருந்தாள்.

பேரருவியில் கூட்டம் இல்லை. ஆனால் காலையில் மலையில் பெய்த மழையில் தண்ணீர் செக்கச் சிவந்து விழுந்தது. கயிறு கட்டிவிட்டார்கள். "எப்ப விடுவாங்க?" என்று கேட்டேன். "விடும்போது விடுவாவ" என்றாள் கோமதி. ஒரு கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கு அருவியைப் பார்ப்பதற்குப் பதில் கடிகாரத்தைப் பார்க்கத்தான் வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. முதுகு காந்தியது. எழுந்து நிழலுக்குப் போகலாம் என்று நினைப்பதற்குள் சாரல் வந்து குளிர்ந்துவிட்டது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மறுபடி வெயில்.

"இதுக்குத்தாம்மா" என்றாள் ஆதிரை.

"எதுக்கு?"

"இதுக்குத்தான் இருக்கணும்னு சொல்லுதேன். எப்பவும் வெயிலா இருந்தா யாரு பாப்பா? எப்பவும் மழையா இருந்தா சித்தி துணி எங்க காயப்போடுவா? மாறி மாறி வந்தாத்தான் ரெண்டும் தெரியுது." கடலைத் தோலை ஊதினாள். "ஹனோவரும் எனக்குப் பிடிக்கும்மா. பனி பிடிக்கும். நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற பேக்கரி ரொட்டி கனவுல வருது. ஆனா அங்கன இருக்கும்போது வேற ஒண்ணும் இருக்கும்னே தெரியல. ஓடிக்கிட்டே இருக்கணும்போல, நின்னா செத்துருவோம்னு நெனச்சேன். இங்கன நின்னுட்டேன், சாவல. இன்னும் கொஞ்ச நாள் நின்னு பாக்கேன். பெறவு வாரேன். சத்தியமா வாரேன்."

அவள் வாழ்க்கையில் என்னிடம் அவ்வளவு நீளமாகத் தமிழில் பேசியது அன்றுதான். பதில் சொல்ல வாயெடுத்தேன். விசில் ஊதிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

அருவிக்குக் கீழே யாரும் யாரோடும் பேச முடியாது. தலையில் இடி மாதிரி விழும். முதல் அடியில் மூச்சு நின்றுவிட்டது. ஆதிரை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் யாரோ முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழுத்தில், முதுகில், இத்தனை வருடம் இறுகிப்போயிருந்த இடங்கள் மேலெல்லாம் தண்ணீர் போட்டு மிதித்தது. வெளியே வந்தபோது பல் தந்தியடித்தது. கோமதி ஏற்கனவே துணி மாற்றி முடித்துவிட்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைவிட வேகமாக ஒரு காரியம் செய்திருந்தாள்.

திரும்பி வரும்போது கிடைத்தது அம்பாசமுத்திரம் போகிற பஸ். மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஆதிரை ஜன்னல் ஓரம். "நீ நடுவுல உக்காருக்கா, எனக்கு எறங்கணும்லா" என்றாள் கோமதி. எல்லாருக்கும்தானே இறங்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பஸ் கிளம்பியதுமே ஆதிரையின் தலை ஆட ஆரம்பித்தது. இரண்டு தடவை ஜன்னல் கம்பியில் இடித்தது. மூன்றாவது தடவை என் தோளில் சாய்ந்துவிட்டது. ஈர முடி என் ரவிக்கையை நனைத்தது. நான் மூச்சை மெதுவாக விட்டேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்ட் வந்தது. எழுப்பக் கையைத் தூக்கினேன். பதினேழு வருடமாக அந்தப் பிள்ளையை எழுப்பியே பழகிய கை. கோமதி அதைப் பிடித்தாள்.

"எழுப்பாத. பஸ்ஸு அம்பாசமுத்திரம் வரைக்கும் போவுது. நீ இரு, நா போயி ஒல வைக்கேன். பைய வாங்க."

ஈரத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, அதைக் கண்டுகொள்ளாமல் ரோட்டைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எம்மா, தென்காசிக்குத்தான டிக்கெட்டு எடுத்திய?" என்று கண்டக்டர் வந்தார்.

"அடுத்த பெரிய ஊரு எது?"

"கடையம்."

"கடையம் ரெண்டு குடுங்க." மெதுவாகக் கேட்டேன், அவரும் மெதுவாகவே கிழித்துக் கொடுத்தார்.

ஊர் தாண்டியதும் சாரல் நின்று வெயில் வந்தது. இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் மலை. தோள் மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை. கைப்பேசியை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது, அந்தக் கைமேல்தான் அவள் சாய்ந்திருந்தாள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், படத்தில் பார்த்த மாதிரியே. ஆனால் இது கோமதியின் பாய் இல்லை, என் தோள். பஸ் வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது என்று காசி விசுவநாதரை வேண்டிக்கொண்டேன்.

கடையத்தில் டிரைவர் டீ குடிக்க எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் விழித்துவிட்டாள்.

"எங்கம்மா இருக்கோம்?"

"கடையத்துல."

"கடையமா? தென்காசி போயிருச்சா? ஏம்மா எழுப்பல?"

"நல்லாத் தூங்குன."

என்னை முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தாள். இறங்கி, எதிரே இருந்த கடையில் இரண்டு டீ வாங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"வியாழக்கிழம நான் மட்டும் போறேன். நீ ஒரு வருஷம் இருந்துட்டு வா."

டம்ளரை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் டீ சேலையில் கொட்டியது. கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள், நானும் அழுதேன், டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, என் கைப்பேசியைப் பிடுங்கி எண்களைத் தட்டினாள். அவள் அப்பாவுக்குத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சித்தி! அம்மா சரின்னுட்டா! ஆமா சித்தி! கடையத்துல இருக்கோம். நீங்க சாப்பிட்டுராதீங்க, நாங்க வந்துருதோம்."

சேலையில் கொட்டிய டீகூட இன்னும் காயவில்லை, அதற்குள் சித்திக்குப் போன். வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. தென்காசிக்குத் திரும்புகிற பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றது. ஆதிரை எழுந்துவிட்டாள். "ஏறுதியளா?" என்று படியில் தொங்கியபடி கண்டக்டர் கேட்டார்.

அடுத்த பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னும் இரண்டு டீ சொன்னேன். கோமதி காத்திருக்கட்டும்.